இனப்படுகொலையும் நிலமும்: 'காடாக்குதல்' பற்றிச் சில குறிப்புகள்

மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடிக்கூடத்தில் மாதம் ஒருமுறை கூடுவோம். இருபது இருபத்தைந்து பேர். நாற்காலி போதாது, பாதிப்பேர் பாயில்தான். அண்மையில் அங்கே ஒரு தோழர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பற்றிக் கட்டுரை வாசித்தார். 5,000 ஹெக்டேருக்கும் மேலாகப் பரந்து கிடந்த நீர்நிலை, பெருங்குடிக் குப்பைமேட்டுக்கும் ஐ.டி. கம்பெனிகளுக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் இரையாகிப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிய கதை. நன்றாகவே எழுதியிருந்தார். கடைசி வரியில் 'இது ஒரு சூழல் இனப்படுகொலை' என்று முடித்தார். எல்லோரும் கைதட்டினோம்.

பின்வரிசையில் ஒரு அக்கா இருந்தார். முல்லைத்தீவுக்காரர். முகாமுக்கு வெளியே, போலீஸ் பதிவோடு, சேலையூர்ப் பக்கம் வாடகைக்கு இருப்பவர். கேள்வி நேரத்தில் எழுந்து, "தம்பி, அங்க எத்தினை சனம் செத்தது?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தோழர் தடுமாறி, "சனம் இல்லீங்க அக்கா, அது ஒரு உருவகம்" என்றார். அக்கா "ஓம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கைதட்டியவர்களில் நானும் ஒருத்தன் என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. இனப்படுகொலை என்ற சொல் நம்மிடையே படாத பாடு படுகிறது. மொழிக்கும் அதுதான், சினிமாவுக்கும் அதுதான், ஏரிக்கும் அதுதான். ஆனால் அந்தச் சொல்லை உருவகத்திலிருந்து மீட்க வேண்டும் என்று சொன்ன உடனே இன்னொரு குரல் வந்துவிடும்: 'முதலில் மனுசன், அப்புறம்தான் மரம் மட்டையெல்லாம்'. நம் இடதுசாரி நண்பர்கள் பலருக்கு இதுதான் நிலைப்பாடு. இனப்படுகொலை மனிதர் சம்பந்தப்பட்டது, சூழல் என்பது அதற்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலை. இரண்டு பேருமே ஒரே பிழையைச் செய்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவர் இயற்கையை இன்னொரு பலியாள் ஆக்குகிறார், மற்றவர் அதை வெறும் களம் ஆக்குகிறார். அது கருவியாக இருப்பதை இருவருமே பார்ப்பதில்லை.

ரஃபேல் லெம்கின் 1944இல் இந்தச் சொல்லை உருவாக்கியபோது பிண எண்ணிக்கையை மட்டும் மனதில் வைத்திருக்கவில்லை. ஒரு மக்கள்கூட்டம் உயிர்வாழ ஆதாரமாக உள்ளவற்றையெல்லாம் திட்டமிட்டுக் குலைக்கும் செயல்பாட்டை அவர் அந்தச் சொல்லுக்குள் கொண்டுவந்தார். 1948 டிசம்பரில் ஐ.நா. நிறைவேற்றிய உடன்படிக்கையில் அவர் நினைத்த பல விஷயங்கள் வெட்டப்பட்டன. ஆனாலும் இரண்டாம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவு தப்பித்தது. ஒரு குழு உடலளவில் அழிந்துபோகும்படியான வாழ்நிலைமைகளை வேண்டுமென்றே அதன்மேல் சுமத்துவதும் இனப்படுகொலைதான் என்கிறது அது. வாழ்நிலைமை என்றால் என்ன? குடிதண்ணீர், நிழல், விளைகிற மண், கடலுக்கு இறங்குகிற வழி. அதாவது சூழல் அந்த வரையறைக்கு வெளியே நிற்கவில்லை. உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

1904இல் ஜெர்மன் தளபதி வான் த்ரோதா ஹெரேரோ மக்களை என்ன செய்தான் என்று பாருங்கள். இன்றைய நமீபியாவில் அவர்களை ஒமாஹெக்கே பாலைவனத்துக்குள் விரட்டிவிட்டு, திரும்பி வரும் வழியையும் நீர்நிலைகளையும் அடைத்துக்கொண்டு படை நின்றது. மிச்சத்தைத் தாகம் செய்தது. இதில் பாலைவனம் பலியாளா, கொலைக்கருவியா? 1991 கிளர்ச்சிக்குப் பின் சதாம் உசேன் தென் ஈராக்கின் பெரும் சதுப்பு நிலங்களை வடியவைத்தார். அங்கே நாணல் வீடுகளில் வாழ்ந்த மக்கள் அகதிகளானார்கள். அந்த இடத்தில் சதுப்பும் மக்களும் ஒருசேர அழிந்தார்கள், ஒன்றை அழிக்காமல் மற்றதை அழிக்க முடியாது என்பதால். பள்ளிக்கரணைக் கட்டுரை வாசித்த தோழர் இந்த உதாரணத்தை எடுத்திருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். (சூழலை அழிப்பதற்கென்றே ஒரு தனிச்சொல் உண்டு. வியட்நாம் காடுகள்மேல் அமெரிக்கா களைக்கொல்லி தெளித்ததை வைத்து 1970இல் ஆர்தர் கால்ஸ்டன் உண்டாக்கியது. 'சூழல்கொலை' எனலாம். அதைப் பயன்படுத்துவதில் ஒரு வெட்கமும் தேவையில்லை.)

வன்னிக்கு வருகிறேன். 2009 ஜனவரியில் தொடங்கி மே 18 வரை நடந்ததைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம், பெரும்பாலும் எண்களாகவும் படங்களாகவும். 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றது 2011இல் வந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு அதே ஆண்டு இலங்கை அரசின் ஆணைக்குழு முன் 1,46,679 பேருக்குக் கணக்கு கேட்டார். ஐ.நா. இன்றுவரை இதை இனப்படுகொலை என்று அறிவிக்கவில்லை. 2015இல் வடமாகாண சபை அவ்வாறு தீர்மானம் போட்டது, 2022இல் கனடா நாடாளுமன்றம் ஏற்றது. நோக்கத்தை நிரூபிக்க வேண்டும் என்ற சட்டச் சிக்கலை நான் மறுக்கவில்லை. ஆனால் நோக்கத்தைத் தேடுகிறவர்கள் கட்டளைக் கடிதத்தைத்தான் தேடுகிறார்கள், வரைபடத்தைப் பார்ப்பதில்லை.

வரைபடத்தைப் பார்த்தால் என்ன தெரிகிறது? பிப்ரவரி 12 அன்று அரசு அறிவித்த இரண்டாவது 'பாதுகாப்பு வலயம்' புதுமாத்தளனிலிருந்து முள்ளிவாய்க்கால் வரையான கடலோரப் பட்டை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நந்திக்கடல் களப்பு, நடுவே மணல். லட்சக்கணக்கான சனத்தை அந்த மணல்மேல் சேர்த்தார்கள். மணலில் பதுங்குகுழி நிற்காது, தோண்டத் தோண்டச் சரியும். அதனால்தான் சீலைகளைக் கிழித்துப் பை தைத்து மண் நிரப்பி அடுக்கினார்கள். கல்யாணச் சீலைகூட அப்படிப் போனது என்று அக்கா ஒருமுறை சொன்னார். உப்புக் கலக்காத தண்ணீர் கொஞ்சம்தான் ஊறும், அதுவும் மேலாக. நிழலுக்கு மரம் இல்லை. உணவு? உள்ளே 70,000 பேர்தான் என்று அரசு சொன்னது, அந்தக் கணக்குக்குத்தான் கப்பலில் சாப்பாடு. போர் முடிந்து வவுனியா முகாம்களில் எண்ணியபோது 2,80,000 பேருக்கு மேல் இருந்தார்கள். மே 8இல் வலயத்தை இன்னும் சுருக்கினார்கள், ஏறக்குறைய இரண்டு சதுர கிலோமீட்டர். வெளியேறிய பலர் களப்புத் தண்ணீரில் கழுத்தளவு நடந்து வந்தவர்கள். அந்த நிலத்தின் இயல்புகள் ஒவ்வொன்றும், மணல், உவர், ஒடுக்கம், ஆழம், எறிகணையின் வேலையில் பாதியைச் செய்தன. மூன்றாம் உட்பிரிவுக்கு இதைவிட விளக்கவுரை வேண்டுமா?

இது 2009இல் திடீரென்று முளைத்த புத்தியல்ல. நிலத்தையும் நீரையும் வைத்து ஒரு இனத்தின் இருப்பை மாற்றும் வேலை கல்லோயாத் திட்டம் தொடங்கிய 1949இலிருந்தே நடக்கிறது. அணைக்கட்டு, கால்வாய், குடியேற்றம். 1956 ஜூனில் தமிழர்மேல் பெரும் வன்முறை வெடித்ததும் அந்தப் பள்ளத்தாக்கில்தான். மணலாற்றில் 1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய் ஊர்ச்சனம் விரட்டப்பட்டார்கள். 1988இல் அந்த நிலம் மகாவலித் திட்டத்தின் 'எல்' வலயமானது, பெயரும் 'வெலி ஓயா' என்று ஆனது. மணலாறு என்பதன் நேர் சிங்களம் அது. மொழிபெயர்ப்புக்கு இப்படியும் ஒரு பயன். மகாவலித் தண்ணீர் ஒரு சொட்டும் அங்கே வரவில்லை என்பது அந்த மக்களின் நெடுநாள் முறையீடு. அங்கே கென்ட், டாலர் பண்ணைகளில் முதலில் இருந்தவர்கள் 1977 வன்முறையில் விரட்டப்பட்டு வந்த மலையகத் தமிழர்கள். அவர்களைக் கிளப்பிவிட்டுச் சிங்களக் கைதிகளைக் குடும்பத்தோடு கொண்டுவந்து வைத்தது அரசு. 1984 நவம்பர் 30இல் புலிகள் அங்கே புகுந்து பெண்கள் குழந்தைகள் உட்படக் கொன்றார்கள். இதையும் சேர்த்துத்தான் அந்த மண்ணின் வரலாறு.

நம் விமர்சகர்கள் ஈழ இலக்கியத்தைத் திணைக் கோட்பாட்டை வைத்து வாசிக்கும்போது எனக்கு ஒரு நெருடல் உண்டு. களப்பு நெய்தல், பனங்கூடல் பாலை, பிரிவு உரிப்பொருள் என்று பிரதிமேல் லேபிள் ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். முதற்பொருளான நிலம் வெறும் குறியீடாக உருகிப் போய்விடுகிறது. பாலைக்குத் தனி நிலமே கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் தன் இயல்பு கெட்டுத்தான் பாலையாகிறது என்று இளங்கோ சொல்வதை எத்தனை முறை படித்திருப்போம். கெட்டதா, கெடுக்கப்பட்டதா என்ற கேள்வியை மட்டும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டால் சங்கப் பிரதிகளே நம்மைச் சங்கடப்படுத்தும். புறநானூற்றில் நெட்டிமையார் முதுகுடுமிப் பெருவழுதியைப் புகழ்வது எதற்காக? பகைவர் தெருக்களைக் கழுதை பூட்டி உழுது பாழாக்கியதற்காக, அவர்கள் காவல் காத்த குளங்களில் யானைகளை இறக்கிக் கலக்கியதற்காக. எரிபரந்தெடுத்தல் தொல்காப்பியத்தில் வஞ்சித்திணையின் ஒரு துறை. கடிமரத்தை வெட்டுவது வெற்றியின் அடையாளம். மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் நெடுஞ்செழியனின் பகைவர் நாடு எப்படிக் காடாகிப் போனது என்று விரிவாகச் சொல்லிக்கொண்டு போவார். ஊர் இருந்த இடத்தில் விலங்கு, மன்று இருந்த இடத்தில் புதர். அவருடைய நோக்கம் நிலையாமை சொல்வது என்பார்கள். இருக்கட்டும். ஆனால் வயலையும் நீரையும் அழித்து நாட்டைக் காடாக்குவது ஒரு அரசியல் செயல் என்பதைத் தமிழ் மிக முன்பே, கொஞ்சமும் கூச்சமில்லாமல், பதிவு செய்துவிட்டது. ஹைஸ்கூலில் இதை வீரம் என்று சொல்லித்தான் எங்களுக்கு நடத்தினார்கள். தமிழாசிரியர் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்வார்.

நான் 'காடாக்குதல்' என்று சொல்வது இதைத்தான். இதன் நவீன வடிவம் வேறு. தீ வைத்துக் காடாக்க வேண்டியதில்லை, வர்த்தமானியில் அறிவித்தால் போதும். 1938 முதல் பறவைகள் சரணாலயமாக இருந்த சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. 2017 ஜனவரியில் நந்திக்கடல், 4,000 ஹெக்டேருக்கும் மேல், இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. கொலைக்களத்தின் கரை, எட்டே ஆண்டில், பறவைகளுக்கான இடம். பறவைகள் வருவது உண்மை. சதுப்பு காக்கப்பட வேண்டியதும் உண்மை. மீன்பிடியும் முற்றாக நின்றுவிடவில்லை, பரம்பரையான தொழில்களுக்கு இந்தவகை ஒதுக்கிடத்தில் இடம் உண்டு என்கிறார்கள். ஆனால் எது பரம்பரை, எவ்வளவு தொழில், எல்லைக்கல் எங்கே என்று முடிவு செய்வது யார்? அந்தக் களப்பில் இறால் வடித்து வளர்ந்த குடும்பமா, கொழும்பிலிருந்து வரும் திணைக்கள அதிகாரியா? ஃபூக்கோ அதிகாரத்தின் இரண்டு முகங்கள் பற்றிச் சொன்னது நினைவுக்கு வருகிறது, சாகடிக்கும் அதிகாரம், வாழவைக்கும் அதிகாரம். நந்திக்கடலில் அவை அடுத்தடுத்து வந்தன. முதலாவது மனிதர்மேல், இரண்டாவது நாரைமேல்.

இங்கே நாம் வசதியாகத் தாண்டிப்போகிற ஒரு பக்கம் இருக்கிறது. 1990 அக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மன்னார் முசலிப் பகுதியில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி போன்ற ஊர்கள் இருபது ஆண்டு ஆளின்றிக் கிடந்தன. வீட்டுக்குள் மரம் வளர்ந்தது. 2012இல் அந்தப் பகுதியில் பெரும் பரப்பை அரசு காப்புக்காடாக அறிவித்தது. திரும்பிவந்த மக்கள் புதர் வெட்டி வீடு கட்டியபோது, 2015இல் தெற்கே பெரும் கூச்சல்: வில்பத்துக் காட்டை முஸ்லிம்கள் அழிக்கிறார்கள்! 2020இல் ஒரு முன்னாள் அமைச்சரின் செலவில் மரம் நடச் சொல்லித் தீர்ப்பும் வந்தது. அங்கே விதிமீறல் ஒன்றுமே நடக்கவில்லை என்று நான் வாதாடப் போவதில்லை. நான் கேட்பது, அந்தக் காட்டின் வயது என்ன? அதை நட்டது யார்? விதை போட்டது துப்பாக்கியோடு வந்து கிளம்பச் சொன்ன நம் ஆட்கள். வேலி போட்டது அரசு. தண்ணீர் ஊற்றியது, சொல்வதற்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, சூழலியல் சொல்லாடல்.

1967இல் இஸ்ரேல் இடித்த இம்வாஸ், யாலோ என்ற பாலஸ்தீன ஊர்கள்மேல் இன்று நிற்பது ஒரு பூங்கா. கனடாவில் திரட்டிய பணத்தில் மரம் நட்டு, 'கனடா பூங்கா' என்றே பெயரும் வைத்தார்கள். நம் புலம்பெயர்ந்த நண்பர்கள் நியாயம் கேட்டுப் படியேறும் நாட்டின் பெயர். வரலாற்றுக்கு இந்தமாதிரிக் குசும்பு உண்டு.

தமிழில் இந்த உறவைப் பொருளாகவே கண்ட எழுத்து இல்லாமல் இல்லை. தமிழ்நதியின் 'பார்த்தீனியம்' இந்திய அமைதிப்படைக் காலத்து நாவல். ராணுவத்தின் உணவுக்காகக் கொண்டுவந்த ஆடுகளோடு அந்தக் களை யாழ்ப்பாணத்துக்கு வந்தது என்பது அங்கே பரவலாகச் சொல்லப்படுவது. 1990இல் படை கப்பலேறிவிட்டது, செடி இருந்துவிட்டது. அந்தத் தலைப்பை வெறும் உருவகம் என்று படிப்பவர்களுக்கு நான் சொல்வது: ஒருமுறை அதை வெறுங்கையால் பிடுங்கிப் பாருங்கள், அரிப்பு உருவகமாக இருக்காது. சேரனின் 2011 தொகுப்பின் பெயர் 'காடாற்று'. எரித்த மறுநாள் பால் தெளித்துச் சாம்பலை ஆற்றி எலும்பு பொறுக்கும் சடங்கு. தமிழில் காடு என்றால் சுடுகாடும்தான். ஆற்ற ஆள் இல்லாத காடு முள்ளிவாய்க்கால். அதை ஒட்டிய களப்பு அரசுக் காகிதத்தில் இயற்கை ஒதுக்கிடம். எலும்பு பொறுக்க வருகிறவள் அத்துமீறி நுழைந்தவள் ஆகிவிடக்கூடிய இடம்.

இந்தப் பக்கம் நின்று பேசுகிற நமக்கு என்ன தகுதி என்ற கேள்வியும் இருக்கிறது. எங்கள் தாம்பரம் விமானப்படைத் தளத்தில்தான், 2012 ஜூலையில், இலங்கை விமானப்படையினருக்குப் பயிற்சி நடந்தது வெளியே வந்தது. குண்டு போட்டு மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அவர்களைப் பெங்களூர் எலகங்காவுக்கு மாற்றினார்கள். அவ்வளவுதான் மாற்றம். மாடம்பாக்கம் ரோட்டில் டீ குடித்துக்கொண்டே பயிற்சி விமானம் பறப்பதை அண்ணாந்து பார்த்த எங்களுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது.

பள்ளிக்கரணைக்கு என்ன சொல் என்று அந்தத் தோழர் பிறகு என்னிடம் கேட்டார், கொஞ்சம் கோபமாகவே. கொள்ளை என்று சொல்லுங்கள், சூழல்கொலை என்று சொல்லுங்கள். இனப்படுகொலை என்று சொல்லாதீர்கள். அங்கே யாரையும் ஒரு இனம் என்பதற்காக அழிக்கவில்லை. ஆனால் சதுப்பின் இன்னொரு ஓரத்துக்கு வாருங்கள் என்றேன். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். நகரத்துக்குள்ளிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து கொட்டப்பட்ட மக்கள், பெரும்பாலும் தலித்துகள். கூவத்தைச் சீரமைக்க, அடையாற்றை மீட்க, 2015 வெள்ளத்துக்குப் பிறகு கரையைப் பாதுகாக்க என்றுதான் அவர்களைக் கிளப்பினார்கள். கொண்டுவந்து வைத்தது எங்கே? இன்னொரு வெள்ளக்காட்டில். அந்த வெள்ளத்தில் முடிச்சூரில் என் வீட்டில் இடுப்பளவு தண்ணீர், இரண்டு அலமாரிப் புத்தகம் கூழாகிப் போனது. ஆனால் ஆற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று என்னை யாரும் காலி பண்ணச் சொல்லவில்லை. ஆற்றோரம் மாடி கட்டிய கம்பெனிகளையும் சொல்லவில்லை. இயற்கையின் பெயரால் எந்த உடல்களை நகர்த்தலாம் என்ற பட்டியல் இங்கேயும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதை இனப்படுகொலை என்று சொல்லாமலே அதன் இலக்கணத்தைப் படிக்க முடியும். தோழர் அதை ஒத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை. கட்டுரையின் கடைசி வரியை அடித்திருக்கிறார் என்று மட்டும் கேள்விப்பட்டேன்.

போன மாதம் அக்காவோடு ஒரு வேலையாக வேளச்சேரிக்குப் பஸ்ஸில் போனேன். மேடவாக்கம் தாண்டிப் பள்ளிக்கரணை வந்ததும் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். மழை பெய்து நாணல் பச்சையாக இருந்தது. கூழைக்கடாக்கள் நின்றன. குப்பை நாற்றமும் அடித்தது.

"இதுக்க மீன் இருக்கோ?"

"இருக்குக்கா."

"பிடிக்க விடுவினமே?"

2007இலேயே ஒரு பகுதியைக் காப்புக்காடாக அறிவித்துவிட்டார்கள், 2022இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது, வனத்துறை ஆட்கள் விரட்டுவார்கள் என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "முந்தி ஆர் பிடிச்சவை?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் இந்தப் பக்கம் இருக்கிறேன், அதை நான் யாரிடமும் விசாரித்ததில்லை.